நாற்பத்தொன்று

டார்ட்டுவில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
சைக்கிள் பழுதுக்கடைக்கு மேலே ஏழாம் எண் அறை.
பத்திரிகைக்குப் பெயர் கேட்டது பதிவு அலுவலகம்.
மூன்று வாரம் சண்டை போட்டும் எதுவும் ஒட்டவில்லை.
படிவத்தின் கட்டம் காலியாகவே இருக்க
கதவைப் பார்த்து எழுதினாள் விர்வே:
‘அறை ஏழு’.

மூன்று பேர்.
விர்வே ஆறு வருடம் ஒரு நிறுவனத்தில்
இயந்திரத்தை வம்புக்கிழுத்து
அது எங்கே வழுக்குகிறது என்று குறித்துக் கொடுத்தவள்.
குறித்ததையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள்,
வெளியீட்டுத் தேதியைத் தள்ளவில்லை.
ரைவோவுக்குக் கணக்கும் அச்சும்.
படகு மோட்டாரை விற்ற பணம் அவனுடையது.
நான் மொழிபெயர்ப்பு.
ஒரு காற்புள்ளிக்காக அழக்கூடிய ஆள் என்பார்கள்.

எங்கள் எஸ்தோனிய மொழியில்
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான்.
ஒருநாளும் இடறியதில்லை.
முதல் கட்டுரையில் இடறியது:
முடிவெடுத்த அந்த நிரலை எந்தச் சொல்லால் சுட்டுவது?
மனிதருக்குரியதாலா, மேசைக்கும் மழைக்கும் உரியதாலா?
உயர்திணையில் ஏற்றினால் பழி அதன் தலையில்;
அதை வாங்கியவர்களும் கையெழுத்திட்டவர்களும்
கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.
‘அது’ என்றே வைத்தேன்.
பிறகு வினைமுற்றுகளுக்குள் ஆட்களைத் தேடினேன்.
‘மறுக்கப்பட்டது’ என்று ஒரு வரியும் விடவில்லை.
யார் மறுத்தார்?

பணம் ஒருமுறை வந்தது, கடிதமாக.
நான்கு ஆண்டுச் செலவு.
அனுப்பியது நாங்கள் எழுதப்போகிறவர்களில் ஒருவர்.
‘நிபந்தனை ஏதுமில்லை’ அதில் மூன்று இடத்தில் இருந்தது.
ஒருமுறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், என்றாள் விர்வே.
ரைவோ சிரிக்கவில்லை.
ஹீட்டர் கட்டண ரசீதை மேசையில் கவிழ்த்துவிட்டு
இரண்டு நாள் வரவில்லை.
மூன்றாம் நாள் கறுப்பு ரொட்டியும் டப்பா மீனுமாக வந்தான்.
வேண்டாம் என்ற பதிலை அவனே தட்டச்சு செய்தான்.
‘நன்றி’யில் ஓர் எழுத்துப் பிழை.
அப்படியே அனுப்பினோம்.

ஜனவரியில் முந்நூறு பிரதி.
குளிர்கால உதவித்தொகையை
மதிப்பெண் போட்டுப் பிரித்த நிரலைப் பற்றி.
ஆய்மே என்றொரு பெண், கையுறையோடு தூங்குகிறவள்,
தன் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று
நான்கு கவுண்டரில் கேட்டாள்.
நான்கிலும் திரையைத் திருப்பிக் காட்டினார்கள்.
அவளைப்போல் இன்னும் 41 வீடுகள், என்று எழுதினோம்.

ஆறாம் நாள் ஒரு போன்.
நகராட்சியின் வக்கீல் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
ஆய்மே.
“பதினாலு வீடு. கதவு கதவாத் தட்டி நான் எண்ணினது.
நாப்பத்தொண்ணு எங்கேருந்து வந்துச்சு?”

எண் புரண்டுவிட்டது, என்றேன்.
சொன்னதும் காது சுட்டது.
இரவு இரண்டு மணிக்கு
நான்தான் புரட்டினேன்.

கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுவோம்,
எல்லோரும் அப்படித்தானே, என்றான் ரைவோ.
விர்வே பதில் சொல்லவில்லை.
மூன்று பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

விற்காமல் கிடந்தவை இருநூற்று முப்பத்தெட்டு.
விடியும்வரை அடித்து எழுதினோம்.
ரைவோவின் 4 மூடியிருக்கும்,
விர்வேயுடையது வாய் பிளந்திருக்கும்,
என்னுடையது களைப்பில் 9 ஆகி
அதையும் ஒருமுறை திருத்தவேண்டி வந்தது.
கீழே சைக்கிள் கடை திறக்கும் சத்தம்.
இரண்டாம் இதழின் முதல் வாக்கியத்தை அப்போது எழுதினேன்.
அதன் எழுவாய் ‘நான்’.

விற்றுப்போனவை அறுபத்திரண்டு.
முகவரி தெரிந்தவர்களுக்குக் கடிதம் போட்டோம்.
மீதி யார் கையில், எந்த ஊரில்?
தாலின் ரயிலில் யாரோ மடித்து வைத்திருக்கலாம்,
எதிர் இருக்கைக்காரருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கலாம்,
பனி மூடிய வயல்கள் ஜன்னலில் ஓட,
நல்ல நம்பிக்கையோடு,
நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று.