பதினொன்றாம் எண் அடுப்பு

மர்ரம்பிட்ஜி ஆற்றங்கரைப் பூங்காவில்
பதினான்கு பார்பிக்யூ அடுப்புகள் என் பொறுப்பு.
பொத்தானை அழுத்தினால் சூடாகும் எஃகுத் தட்டு,
நடுவில் ஒரு துளை,
துளைக்குக் கீழே கொழுப்பு சொட்டும் தகரம்.
நகராட்சி தருவது ஒரு சுரண்டி, ஒரு வாளி,
விடியற்காலை நாலரை மணி.

சோப்பு கூடாது. கம்பித் தூரிகை கூடவே கூடாது;
உதிர்ந்த மயிரிழைக் கம்பி ஒன்று போதும்
யாரோ பெற்ற பிள்ளையின் தொண்டைக்கு.
தட்டைக் கொஞ்சம் சூடாக்கு.
தண்ணீர் விடு. சீறும். சீறட்டும்.
கோபம் தணியும் முன்
சுரண்டியைச் சாய்த்துத் தள்ளு, ஓரத்திலிருந்து துளைக்கு.
பாதி வெங்காயத்தை முள்ளில் குத்தித் தேய்.
தகரத்தை மறக்காதே. எறும்பு மறப்பதில்லை.

ஞாயிறு கழிந்த திங்களில் தட்டு வாய் திறக்கும்.
மூன்றில் கருகிய இனிப்பு: தேன் தடவிய கோழி.
ஆறில் ஆட்டுக் கொழுப்பு, உடைந்து ஓடிய முட்டை.
ஒன்பதில் பிளாஸ்டிக் தட்டையே வைத்திருக்கிறார்கள்,
பிறந்தநாள் வாழ்த்தில் பாதி எழுத்து
உருகி ஒட்டிக்கிடந்தது.
அரிவாள்மூக்கன்கள் குப்பைத்தொட்டிக்குள்
தலைகவிழ்ந்து மீதியைக் கணக்குப் பார்த்தன.

பதினொன்று மட்டும்
ஏப்ரல் தொடங்கிச் சுத்தமாக இருந்தது.
என் கைச் சுத்தம் இல்லை அது.
துளையின் உதடு வரை துடைத்து,
மெல்லிசாக எண்ணெய் பூசி,
தகரத்தைக் கழுவிக் கவிழ்த்து,
ஓரத்தில் பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்று.
என் வேலையை என்னைவிட நன்றாகச் செய்கிற ஆள் மேல்
முதலில் எரிச்சல்தான் வந்தது.

ஜூனில், புல் வெள்ளையாய் உறைந்த ஒரு காலை
அரைமணி முன்னதாகவே போனேன்.
தைலமரத்தடியில் ஒரு பழைய வண்டி,
கண்ணாடிகளில் போர்வை.
அடுப்பருகே கம்பளித் தொப்பிக்காரர்.
இரண்டு முட்டை.
முட்டைக்கு இந்தப் பக்கம்
உள்ளங்கைகளை விரித்து வாட்டிக்கொண்டிருந்தார்.
"குட் மார்னிங்" என்றார். நானும் சொன்னேன்.
அவர் தின்று முடிக்கும்வரை
பன்னிரண்டைச் சுரண்டினேன்.
அது முன்பே சுரண்டியது.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் லாக்லன் ப்ரூயிட்
கைப்பேசியை நீட்டினார்.
"நொரீன், பதினொன்றை யாரும் தொடுவதே இல்லை போல.
மூன்று மாதப் படங்கள். முன், பின், ரெண்டும் ஒன்று.
மின்சாரத்தைத் துண்டித்துவிடலாம்."
எல்லாம் நான் எடுத்த படங்கள்.
"தொடுகிறார்கள்" என்றேன்.
"படத்தில் காணோமே" என்றார்.

அன்றிரவு வீட்டில் நாலு சாசேஜ் பொரித்தேன்.
இரண்டை நாய்க்குப் போட்டு
கொழுப்பை ஜாம் போத்தலில் வழித்தேன்.

இருபத்தொரு வருடம் கறை எடுத்த கை
கறை வைக்கத் தெரியாமல் தடுமாறியது.
முதல் நாள் வட்டமாக வந்துவிட்டது,
தோசைக்கல்லுக்கு எண்ணெய் இழுத்த மாதிரி.
எந்தக் குடும்பம் அவ்வளவு ஒழுங்காகச் சிந்தும்?
மறுநாள் கொஞ்சம் தக்காளி சாஸ்,
கருகவிட்ட வெங்காயத் துணுக்கு,
குழந்தை கைதவறிப் போட்டதுபோல் ஒரு ரொட்டி ஓரம்.
படம். சுரண்டல். படம்.
பதிவேட்டில் எழுதினேன்: கறை, அதிகம்.

மூன்றாம் வாரம் போத்தலைத் திறக்கையில்
வண்டிக் கண்ணாடியில் போர்வை அசைந்தது.
நான் நிமிரவில்லை.
களவாணி மாதிரி பூசிவிட்டு
களவாணி மாதிரியே துடைத்தேன்.

அடுத்த நாள் எலுமிச்சை மூடி இல்லை.
தட்டின் வலது மூலையில்
முட்டையின் வெள்ளை, ஓரம் பொன்னிறமாய்க் கருகி,
கட்டைவிரல் அகலத்துக்கு.
மற்ற இடமெல்லாம் முகம் தெரிந்தது.
அவருக்கும் வராத வித்தைதான்.

படம் எடுத்தேன்.
போத்தல் பைக்குள்ளேயே இருந்தது.
கறை, நடுத்தரம் என்று எழுதி
பொத்தானை அழுத்தி
தண்ணீர் விட்டேன். சீறியது.