பேசாம இருங்கத்தா

வைரக்கண்ணு வண்டியில் பதினாலு பேர் போவோம்,
களையெடுக்க.
சாமான் ஏற்றுகிற குட்டியானை அது.
ஆள் ஏற்றக் கூடாது, தெரியும்.
பஸ் வருகிற நேரத்துக்கு
வயல்காரர் வேறு ஆளை விட்டுவிடுவார்.

தில்லைவிளாகத்துக்கு இந்தப் பக்கம்
வாய்க்கால் பாலம் இறங்கியதும் தண்டவாளம்.
கேட் திறந்திருந்தாலும் நிறுத்துவார்.
என்ஜினை அணைப்பார், பாட்டை அணைப்பார்,
மார்கழிக் குளிரில் இரண்டு கண்ணாடியையும் இறக்குவார்.
"கொஞ்சம் பேசாம இருங்கத்தா."

முன்னால் நிற்பவளிடம் தொடங்கி
கடைசியில் தொங்குகிறவளிடம் மௌனம் வந்து சேர
கடைமடைக்குத் தண்ணீர் வருகிற நேரமாகும்.

பின்னால் முத்துப்பேட்டை மீன் வண்டி
ஐஸ் தண்ணீர் ஒழுக ஹாரன் அடிக்கும்.
ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிய பையன்
திட்டிக்கொண்டே எங்களைத் தாண்டுவான்.
"அண்ணே, ரயிலு பதினோரு மணிக்குத்தானே?"
மலர்க்கொடி கேட்டாள் ஒருநாள்.
"அது ரயிலுக்குத் தெரியணுமே."

ஏன் இப்படி என்று நானும் கேட்டிருக்கிறேன்.
வைரக்கண்ணு கதை எதுவும் சொல்லவில்லை.
"தண்டவாளத்து மேல கியர் மாத்தக் கூடாது"
என்றார், கேட்காத கேள்விக்கு.

அப்புறம் அந்த விடியல்.
பனியில் வாய்க்காலும் இல்லை, வயலும் இல்லை.
கேட் ரூமில் லைட் எரிந்தது.
கட்டை மேலே தூக்கியே நின்றது.
முதலில்
தைலம்மையின் தூக்குச்சட்டி மூடி
தானாக நடுங்கியது.
பிறகுதான் ஊதல்.
பெட்டி இல்லாத வெறும் என்ஜின் ஒன்று
எங்கள் முகத்தின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போனது.

வயல் வரைக்கும் யாரும் பேசவில்லை.
கோரையைப் பிடுங்குவதாக நினைத்து
நான் பயிரைப் பிடுங்கினேன், இரண்டு குத்து.

பொங்கல் கழிந்து
வைரக்கண்ணுக்குக் காய்ச்சல்.
மச்சினன் பையன் ஓட்டினான்.
நல்ல பையன், நல்ல வேகம்,
ஸ்பீக்கர் புதுசு.
வாய்க்கால் பாலம் ஏறும்போதே
எங்கள் பேச்சு நின்றுவிட்டது.
அவன் அதைக் கவனிக்கவில்லை.
தைலம்மை தூக்குச்சட்டியால்
கேபின் தகரத்தில் ஓங்கி அடித்தாள்.
சாம்பார் சிதறியது.
"என்னக்கா, கேட்டு திறந்துதானே கெடக்கு?"
"அணைடா."

அணைத்தான்.
பதினாலு பேரும், அவனும்,
எங்கோ ஒரு பம்புசெட்டும்
தவளைகளும்.
வேறு எதுவும் இல்லை என்று
நன்றாகத் தெரிகிற வரைக்கும்.