தட்டிக்கு இந்தப் பக்கம்

பீட்ரூட் சூப்பைக் கொட்டியது லுபோமீராவின் முழங்கை.
சனிக்கிழமை. வூச் நகரம். நாலாம் மாடி.
ரேடியேட்டர் மேல் நாலு ஜோடிக் கையுறை காய்கிறது.
என் அட்டைத் தட்டி மூன்று மடிப்பும் ஊறி
நனைந்த பூனைபோல் குழைந்து சாய்ந்தது.

வெளிப்பக்கம் மலை, மலைமேல் டிராகன்,
அதன் வாயில் இப்போது நிஜமாகவே சிவப்பு.
உள்பக்கம் யாரும் பார்க்காதது:
காயக் கணக்கு, விஷக் கணக்கு,
அவசரத்துக்குப் பதினொரு சத்திரக்காரர்களின் பெயர்,
கிளிப்பில் தொங்கும் துண்டுச் சீட்டு:
"படகோட்டி பொய் சொல்கிறான்."

"தட்டி இல்லாமலே நடத்தேன்" என்றான் ஜெமோவித்.
டிராம் ஓட்டுகிறவன். அவன் முதுகுக்குப் பின்னாலும் ஒரு கதவு உண்டு.
"கேம் மாஸ்டருக்கு எதற்கு மறைப்பு?
விழுந்தது விழுந்ததுதானே."

சரி என்றேன்,
உள்பாவாடையோடு வாசலுக்கு வந்துவிட்டவள் மாதிரி.

எனக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வேலை.
பகல் முழுக்க ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறேன்.
மூச்சை இழுங்கள். அடக்குங்கள். விடலாம்.
படம் விழுந்ததும் எனக்குத் தெரிந்துவிடும்.
"டாக்டர் சொல்வார்" என்பேன்.
அது பொய்யில்லை. உண்மை என்றும் சொல்ல வராது.
அந்த இடுக்கில்தான் எனக்குச் சம்பளம்.

போன நவம்பரில், ஆற்றுத்துறையில் பூதம் அடித்தபோது
இருபது முகப் பகடையில் இருபது.
ஹால்ஷ்காவின் வைத்தியச்சி அங்கேயே செத்திருக்க வேண்டும்.
அந்த வாரம்தான் ஹால்ஷ்காவுக்கு வேலை போயிருந்தது;
கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.
"ஏழு" என்றேன், "காதோரம் காற்று மட்டும்."
அவள் முதல் பொத்தானைக் கழற்றினாள்.

இன்றைக்கு மறைப்பில்லை.
சுரங்க வாசலில் இன்னொரு பூதம்.
உருட்டினேன். பகடை உப்புக் கிண்ணத்தில் முட்டி
சூப் கறையில் நின்றது.
நாலு தலை குனிந்தன.
இருபது.

ரேடியேட்டர் களுக்கென்றது.
ஹால்ஷ்கா வைத்தியச்சியின் தாளை நாலாய் மடித்து
தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தாள். பிறகு சிரித்தாள்.
"ஆற்றுத்துறையிலும் இருபதுதானே?"

எனக்குக் காது சுட்டது.
அவள் விரல் என் தோளைத் தாண்டி நீண்டது.
திரும்பினேன்.
சீலை போடாத சன்னல். வெளியே இருட்டு.
இருட்டில் ஒரு விளக்கு, விளக்கின் கீழ் ஒரு மேஜை,
என் பகடை, என் சீட்டுகள்,
எல்லாம் இடவலம் மாறி,
மிகத் தெளிவாக.

இரண்டு வருஷம்!
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன்,
கண்ணாடித் தட்டில்.

"படகோட்டி விஷயம்?"
"நாலு வாரம் முன்னாலேயே" என்றான் ஜெமோவித், தாடியைச் சொறிந்தபடி.
படகு கவிழ்ந்தபோது அவன் பதறிய பதறல் என்ன,
நாற்காலியை விட்டு எழுந்தே நின்றானே!
"என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்றாள் லுபோமீரா.
அவள் சன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காருகிறவள்.

திங்கட்கிழமை,
மார்பைப் பலகையில் அழுத்தி நின்ற ஒரு பேக்கரிக்காரர்
படம் எடுத்து முடிந்ததும் திரும்பி
ஈயக் கண்ணாடி வழியே என் முகத்தைப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"டாக்டர் சொல்வார்" என்றேன்.
"சொல்லட்டும், சொல்லட்டும்" என்றார்,
என்னைத் தேற்றுகிற குரலில்.

அடுத்த சனிக்கிழமை
ஷூ பெட்டியை அறுத்துப் புதுத் தட்டி செய்து வந்தான் ஜெமோவித்.
டிராகனும் வரைந்திருந்தான். பார்த்தால் வாத்து.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
சன்னலுக்குப் போர்வை மாட்டலாமா என்றாள் லுபோமீரா.
"வேண்டாம்." மூன்று குரல். ஒன்று என்னுடையது.

ஹால்ஷ்காவுக்கு இப்போது ஒரு திருடி,
பயந்தாங்கொள்ளி, மூன்றே மூன்று உயிர்ப்புள்ளி.
முதல் சந்திலேயே மேலிருந்து ஓர் அம்பு.

உருட்டுகிறேன்.
ஹால்ஷ்கா சூப்புக்குள் எதையோ தேடுகிறாள்.
கையுறைகளைத் திருப்பிப் போட எழுந்துபோகிறான் ஜெமோவித்.

"எவ்வளவு?" என்கிறாள் லுபோமீரா.