மேல் லயத்துக்குத் தண்ணீர்

கொழும்பிலிருந்து வந்த தாளில்
"குருதி அமுக்கத் தாழ்வு" என்றிருந்தது.
மட்டக்களப்பில் நான் படித்ததும் அதே சொல்தான்.
டிக்கோயா ஆஸ்பத்திரியின் ஆறாம் வார்டில்
அதை வாசித்துக் காட்டியபோது
திலகேஸ்வரி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கங்காணி தராசைப் படிக்கும்போது பார்ப்பதுபோல.

ஏழாம் நம்பர் மலையில் சறுக்கி
கணுக்கால் இரண்டாய் உடைந்தவள்.
விடிந்தால் தகடு வைக்க வேண்டும்.

"முதுகில போடுற மருந்தால
பிரஷர் குறையலாம் அக்கா."

"குறைஞ்சா நல்லதுதானே மிஸ்ஸி?
அதுக்குத்தானே புதன்கிழமை புதன்கிழமை
கிளினிக்ல காத்துக் கெடக்குறேன்,
அரை நாள் பேரையும் விட்டுட்டு."

உண்மைதான்.
ஆறு வருடமாய் உப்பைக் குறை, கருவாட்டைக் குறை என்று
இவளை விரட்டியவர்கள் நாங்கள்.
இப்போது கூட்டுவதற்கு ஓர் ஊசி என்றால்?

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமை.

இடுப்புக்குக் கீழே ரத்தக் குழாயெல்லாம்
தளர்ந்து அகன்றுவிடும்,
ரத்தம் அங்கேயே தங்கும், தலைக்கு ஏறாது என்று
காற்றில் கோடு போட்டுக் காட்டினேன்.
அவள் சிரித்துவிட்டாள்.

"கீழ் லயத்துல பைப்பைத் தொறந்து விட்டுட்டாங்கன்னு சொல்லுங்க!
ஊத்துல இருந்து ஒரே ஹோஸ்தான் மிஸ்ஸி.
கீழ எல்லாரும் தொறந்தா
மேல் லயத்துக்குக் காத்துதான் வரும்,
புஸ்ஸு புஸ்ஸுன்னு."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அந்த ஊசி, அக்கா, ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கை.
புதிதாய்க் குத்த மாட்டார்கள்,
கையில் ஏற்கெனவே போட்ட குழாய் வழியே போகும்.
ஒரு நிமிடத்துக்குள் பிடிக்கும்.
நெஞ்சு கொஞ்சம் மெதுவாய் அடிக்கலாம்,
தலை வலிக்கலாம், உச்சி புல்லரிக்கலாம்.
பயப்படாதே, ஆனால் வாயைத் திறந்து சொல்.
வேறென்ன மாத்திரை போடுகிறாய்?

"பிரஷர் மாத்திரைதான்.
போன கெழமை முடிஞ்சிருச்சு,
நாத்தனாரோடத ரெண்டு போட்டேன்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
வெளியே மூடுபனி, சவுக்கு மரம், ஒன்றுமில்லை.

"ராவுல ஒண்ணு போடுவேன்.
அவரு போனதுக்கப்புறம் குடுத்தாங்க, மனசுக்கு.
வீட்டுல யாருக்கும் தெரியாது."

அது அந்த ஊசியோடு முட்டக்கூடிய மாத்திரை.
டொக்டருக்கு மட்டும், என்றேன்.
சிவப்பு மையால் எழுதினேன்.

மறுநாள் ஒன்பது பத்துக்கு
கொட்டாவி விட்டாள். ஒன்று. இன்னொன்று.
"மிஸ்ஸி, காது அடைக்குது."
திரையில் எழுபத்தெட்டு.
டொக்டர் வீரக்கோன் என் சிவப்பு எழுத்தை ஒருமுறை பார்த்து,
ஊதா லேபல் ஒட்டிய சிரிஞ்சை எடுத்து,
எப்போதும் விடுவதில் பாதியை விட்டார்.

நான் அவள் தோளைப் பிடித்திருந்தேன்.
அதற்கு மருத்துவத்தில் பெயரில்லை.
கைப்பட்டி ஊதி, இறுகி, யோசித்து,
எண்பத்து நாலு என்றது.
மறுபடி இறுகியது.
தொண்ணூற்றி ஒன்பது.

கண் மூடியபடியே உதடு அசைந்தது:
"வந்திருச்சு மிஸ்ஸி. தண்ணி."

என்ன சொல்கிறாள் என்று சிங்களத்தில் கேட்டார் டொக்டர்.
எனக்குத் தொண்டை அடைத்திருந்தது,
ஒரு சொல்தான் வந்தது:
"வத்துர."

"இப்போது கொடுக்க முடியாது" என்றார்,
"பின்னேரம் குடிக்கலாம் என்று சொல்லுங்கள்."

சொன்னேன்.