கெய்சர் வீதி, நிலவறை

தண்ணி வடிந்து பதினொரு நாள்.
பொத்தான் பெட்டிகள் ஊதி வெடித்து
நாலு துளை, இரண்டு துளை எல்லாம்
சேற்றோடு சேறாய்க் கிடக்க
சுவரில் இடுப்பளவுக்கு மயிர் முளைத்திருந்தது.

பூஞ்சணம் என்றேன் நான்.
புஸ் என்றான் லலந்த.
இரண்டு பாஷையிலும் அது
ஒரே மாதிரித்தான் மூக்கில் ஏறியது.

கொரோனாக் காலத்து மிச்ச மாஸ்க்.
குளோரின் வாளி. தும்புக்கட்டை.
"முதலில் நனைக்க வேணும்.
காய்ந்ததைத் தட்டினால் நெஞ்சுக்குள்ள போகும்."
வெல்லம்பிட்டியில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும்
வீடு கழுவிப் பழகியவன்.

பூஞ்சணம் போனது.
நான் அடித்த நீலம் தோலாய் உரிந்தது.
நான் வரும்போதே இருந்த மஞ்சளும்.
அதற்குக் கீழே கறுப்பு.

ஊற்றினோம், தேய்த்தோம்,
இன்னொரு வாளி.
பூஞ்சணமென்றால் இந்நேரம் வெளுத்திருக்கும்.
சுரண்டச் சுரண்ட மேலே போனது,
தண்ணி எட்டாத உயரத்துக்கும்.

லலந்த தொட்டு முகர்ந்தான்.
"இது புஸ் இல்ல, மாத்தயா."
விரல் நுனியில் கரி.

தொண்ணூற்றாறில் எடுத்த இடம்.
அதற்கு முந்தி யாருடைய கடை என்று
நான் கேட்டதில்லை.
வாடகை குறைவாயிருந்தது.

படிக்கட்டில் நின்று கட்டடக்காரர் கேட்டார்,
பெயின்ற் எத்தனை லீற்றர் வேணுமென்று.
காது கேளாதவன்போல
மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
முதலில் காயட்டும்.

லலந்த அந்த விரலை
எதில் துடைப்பதென்று தெரியாமல்
தூக்கிப் பிடித்தபடி நின்றான்.