ஒரு டம்ளர் சூரை

மார்கழியில் வாலிநோக்கத்துப் பாத்தியெல்லாம் குளம்.
உப்பு இல்லை, கூலி இல்லை,
கங்காணி போனை எடுப்பதில்லை.
அப்போது பார்த்துத்தான் சூரை கறுக்கிறது.

சூரை முள் பார்த்திருக்கிறீர்களா?
நேராக நிற்காது. கொக்கி.
உள்ளே போகும் கையை ஒன்றும் செய்யாது,
பழத்தோடு திரும்பும் கையைத்தான்
நிறுத்திக் கணக்குக் கேட்கும்.
வெடுக்கென்று இழுத்தால் தோல் அதற்கு.
நானும் செவத்தியம்மாளும்
சிக்கிய கையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி
'போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன்' என்று
முள்ளுக்கு ஒரு பொய் சொல்லிவிட்டு
மெல்ல உருவிக்கொள்வோம்.
பத்துக்கு ஏழு முறை நம்பும்.

சிவப்பு புளிக்கும். பச்சை நாக்கை மடிக்கும்.
கறுப்பிலும்
ராத்திரி மழை குடித்தது சப்பென்றிருக்கும்.
மைனா கொத்தியது எங்களுக்கு,
முழுசு தூக்குவாளிக்கு.

நல்ல புதர் வேலிக்கு அந்தப்புறம்,
சோலார் கம்பெனி நிலத்தில்.
காவலுக்கு நிற்கும் பையனுக்கு நம் பேச்சு வராது,
இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வரும்.
ஏந்தியதில் அள்ளிப் போட்டால்
கண்ணாடித் தட்டுகள் பக்கம் திரும்பிக்கொள்வான்.
கொட்டை துப்பும் சத்தம் மட்டும்
எங்களைக் காவல் காக்கும்.

கீழக்கரைக்குப் பத்தரை பஸ்.
டம்ளர் இருபது ரூபாய்.
"காட்டுல சும்மா கெடக்குறதுதானே?"
சும்மாதான் கிடக்கிறது, போய் எடுத்துக்கங்க என்று
முழங்கையை நீட்டினேன்.
அவர் முழங்கையைப் பார்க்கவில்லை.
டம்ளரைத் தூக்கி
அடியில் நெளிவு இருக்கிறதா என்று பார்த்தார்.
இருக்கிறது.
நெளிவு பெரிதில்லை.

எதிரே கபீர் முகம்மது பழக்கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் குளிரில்
ஒரு டப்பா, ஐந்நூற்று எண்பது ரூபாய்,
எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பழம்.
சவுதியிலிருந்து லீவில் வருகிறவர்கள் கேட்பார்களாம்.
இந்த வாரம் யாரும் கேட்கவில்லை, தேதி முடிந்துவிட்டது.
"இதை எடுத்துக்க, மூணு டம்ளர் சூரை கொடு.
வீட்டுல முழுகாம இருக்கா.
கடைப்பழம் எதுவும் எறங்கலயாம்."

திரும்பும் பஸ்ஸில் திறந்தோம்.
சினை நண்டின் வயிற்றில் அப்பியிருக்குமே
முட்டைக் கொத்து, கறுத்த நாளில்,
அதே மாதிரி.
"ஜில்லுனு இருக்கு" என்றாள் செவத்தியம்மாள்.
வேறு ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.
எனக்குப் பிடித்திருந்தது.
அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.
துப்ப ஒன்றுமில்லை,
தின்ற பிறகு பார்த்தால்
கையில் சாயம் மட்டும், ரத்தம் இல்லை.

மகனுக்கு நான்கு எடுத்து வைக்கும்போது
அடியில் விரித்த தாளில் அது ஒட்டிக்கொண்டிருந்தது.
மயிரளவு முள்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
வளைவு
எங்கள் முள் வளையும் பக்கமே.

டப்பாவில் ஊர் எழுதியிருந்தது,
எழுத்து எனக்குத் தெரியாது.
அங்கே எந்த மாதம் வேலை நிற்கும்?
அவளும்
(அவள் என்று எப்படி முடிவு செய்தேன்?)
கையை ஒரு முறை உள்ளே தள்ளிவிட்டுத்தான்
உருவுவாளா?
அவளிடம் யார் பேரம் பேசினார்கள்?

தை பிறந்து, தண்ணீர் இறைத்து,
பாத்தி மிதிக்க இறங்குவோம்.
அப்போது உப்புத் தண்ணீர்
ஒரு கீறல் விடாமல் தொட்டுத் தொட்டு எண்ணும்.
பதினோரு டம்ளர் விற்றேன் என்று நான் சொன்னால்
இல்லை, முப்பத்தாறு என்று அது சொல்லும்.

டப்பா நல்ல டப்பா.
மூடி டக்கென்று விழுகிறது,
அடியில் ஓட்டை, கழுவினால் தண்ணீர் நிற்காது.
நாளைக்கு அதில் சூரையை நிரப்பி
மூடி வைத்துப் பார்க்கப்போகிறேன்.
நாற்பது கேட்டால் என்ன?