இந்நான்கெல்லைக்குட்பட்ட ஒரு பலா

பணிக்கன்குப்பம், காலை ஒன்பது நாற்பது.
ராத்திரி மழை
பலா இலையை விட்டு இன்னும் இறங்கவில்லை.
கம்பத்தை ரியாஸ் பிடித்திருக்கிறான், குமிழி நடுவில்.
திரையில் ‘ஃப்ளோட்’.
‘ஃபிக்ஸ்’ என்று வந்தால்தான் புள்ளி.
ஃப்ளோட் என்றால்
இங்கேதான், எங்கேயோ.

இங்கேதான் எங்கேயோ என்று எழுதி
நான் கையெழுத்துப் போட முடியாது.
பத்திரத்தில் நான்கெல்லை உண்டு:
கிழக்கே வண்டிப்பாட்டை,
மேற்கே செங்கேணி வகையறா முந்திரி,
தெற்கே வாய்க்கால்,
வடக்கே ‘என் மகன் தனவேலுக்கு விட்ட பாகம்,
இடையில் பலாமரத்தடிக் கல்’.
எழுதிய வருஷம் கல்லுக்குப் பக்கத்தில் மரம்.
இப்போது மரத்துக்குள் கல்.

“ஆகாசத்துல அவ்வளோ சுத்துதே,
ஒண்ணுக்குக்கூடவா நம்ம கல்லு தெரியல?”
தெரியாது தனவேல் அண்ணே.
அவை பார்ப்பதேயில்லை. மணி சொல்லும், அவ்வளவுதான்.
இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து
ஒவ்வொன்றும் ஓயாமல்
நான் இன்னார், இந்த இடம், இப்போது மணி இத்தனை.
அந்தச் சொல் இறங்கி வர
ஒரு நொடியில் நூற்றில் ஏழு பங்கு.
தாமதத்தை வைத்து தூரம் போடுகிறது கருவி.
ஓர் இடத்துக்கு மூன்று தூரம் போதும்.
ஆனால் கருவிக்குள் இருப்பது மலிவான கடிகாரம்,
அதன் பொய்யைப் பிடிக்க நாலாவது ஒன்று வேண்டும்.

“நாலு சாட்சி” என்கிறார் அஞ்சலாட்சி,
தம்பியைப் பார்க்காமல்.

சாட்சிகளுக்குக் குரல் சன்னம்.
பண்ருட்டி மண்டியில், ஏலக் கூச்சலுக்கு அடியில்
யாரோ ஒரே எண் வரிசையை விடாமல் முணுமுணுப்பது மாதிரி.
வரிசையை முன்பே மனப்பாடம் செய்தவனுக்கு மட்டும்
கூச்சலிலிருந்து அது பிரிந்து வரும்.
அதை ஒரு உள்ளங்கை அமுக்கிவிடும்.
கான்கிரீட் அமுக்கும்.
மேகம் ஒன்றும் செய்யாது
(தனவேல் இதை நம்பவில்லை).
பெய்கிற மழைகூடப் பரவாயில்லை,
பெய்ததைப் பிடித்து வைத்திருக்கிற இலைதான்,
இலைக்கு மேல் இலை, ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு
மிச்சத்தைக் கீழே அனுப்பும்.

மோட்டார் கொட்டகைத் தகரம் இன்னும் மோசம்.
தடுக்காது, திருப்பிவிடும்.
சுற்றி வந்த சொல்
நேரே வந்ததைப் போலவே பேசும்.
அதை நம்பி என் கருவி ஒருமுறை
கல்லை வாய்க்கால் தண்ணீரில் வைத்தது.

அரை மணி நேரம். ஃப்ளோட்.
பிறகு தனவேல், மெதுவாக,
“மரத்த வெட்டிட்டா வருமா?”

வரும்.
பத்து நொடியில் வரும், இரண்டு சென்டிமீட்டருக்குள் வரும்.
உண்மைதான் என்பதால்
அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.
அஞ்சலாட்சி சிரித்துவிட்டார்.
“அப்புறம் எதுக்குடா அளக்கணும்?”
காலையிலிருந்து தம்பியிடம் அவர் பேசிய
முதல் வார்த்தை அது.

மல்லாட்டை பிடுங்கிய வெற்றுக் கொல்லைக்கு வந்தோம்.
இரண்டு ஆணி.
ஃபிக்ஸ். ஃபிக்ஸ்.
அங்கிருந்து வானத்தை விட்டுவிட்டு
நாடாவை இழுத்துக்கொண்டு மரத்தடிக்கு.
புலப்படத்துக் கோடு அடிமரத்துக்குள் போகிறது,
தெற்குப் பட்டையிலிருந்து முப்பத்தோரு சென்டிமீட்டர் உள்ளே.
கல் அங்கே இருக்கலாம்.
ரியாஸ் கேட்காமலே எண்ணிச் சொன்னான்:
வடக்கே ஒன்பது காய், தெற்கே ஏழு,
கோட்டின் மேலேயே ஒரு பிஞ்சு.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
குறிப்பில் எழுதினேன்: ‘இலை மறைப்பு. நேரடி அளவு இயலவில்லை.’

முதுகுக்குப் பின்னால் இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள்.
இலை சொட்டுகிற சத்தத்தில் பிடிபடவில்லை.

அணைக்க மறந்த கருவியைப் பெட்டியில் வைத்து
மூடியை இறக்கினேன்.
இடுக்கு வழியே திரை தெரிந்தது:
கோள்கள் பதினாறு, ஒன்பது,
மூன்று,
கொக்கி மாட்டினேன்.